வெயிலுக்கு அடித்த மொட்டை

என் பெண்டாட்டி வளர்மதி போன வாரம்கூட மகனோடு பேசினாளாம். அவள் செத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

இதை எனக்குச் சொன்னது குறி சொல்கிறவள் இல்லை. படைவீரர் நல அஞ்சல் மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண். பவித்ரா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. சிரித்த முகமாகத்தான் சொன்னாள்.

"அம்மா வாரா வாரம் கரெக்டா பேசிட்டுதான் இருக்காங்க ஐயா. உங்க பையனோட மனஅளவு நல்லா இருக்கு. நீங்க கவலைப்படாதீங்க."

"எந்த அம்மா?"

"உங்க வீட்டம்மாதான் ஐயா."

"அவ செத்துட்டாம்மா. இதே டேபிள்ள, இதே கையால நீதான் சர்ட்டிபிகேட்ட வாங்கின."

"ஆமாங்க ஐயா. தெரியும்."

அப்போதும் அவள் முகத்தில் சிரிப்பு போகவில்லை. அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் சம்பளம் போலிருக்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். என் பெயர் உமாபதி. குடியாத்தம் பக்கத்து ஆள். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தோல் பதனிடுகிற ஷாப்பில் ஈரத்தோல் சுமந்தவன். படித்தவன் எதை நீட்டினாலும் திருப்பிப் பார்க்காமல் வாங்கமாட்டேன். இனாம் என்று சொன்னால் வாங்கவே மாட்டேன்.

எங்கள் ஊரில் பாதி வீடுகளில் பட்டாளத்தான் உண்டு. என் ஒரே மகன் லோகேஷும் போய்ச் சேர்ந்தான். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. இப்போது பட்டாளம் எல்லையில் மட்டும் நிற்பதில்லை. பெயர் வாயில் நுழையாத ஒரு மணல் நாட்டில் பாட்டரிக்கு வேண்டிய மண் கிடைக்கிறதாம். அதை நம்ம ஆட்கள் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள். நம் ஊர் பஸ் ஓட அந்த மண் வேண்டும், மண்ணுக்குக் காவல் வேண்டும், காவலுக்கு என் மகன் வேண்டும்.

துப்பாக்கி தூக்கி நிற்கிற காவல்கூட இல்லை. தலையில் ஒரு பட்டை மாட்டிவிடுகிறார்கள். இவன் நினைக்க நினைக்க, வானத்தில் ஆயுதத்தோடு யந்திரங்கள் பறக்கின்றன. இவன் மனசு ஆடினால் அதுவும் ஆடும். அதனால் மனசு எவ்வளவு நிலையாக இருக்கிறது என்று நாள் முழுக்க அளந்துகொண்டே இருப்பார்கள். அதற்குப் பெயர்தான் மனஅளவு.

அவன் புறப்பட்ட அன்று ஸ்டேஷனில் வளர்மதி அழுதாள். நான், "போடா பன்னாட. அங்கியாவது காலைல நேரத்தோட எந்திரி" என்றேன். அவன் சிரித்தான். நான் அவனைக் கூப்பிட்ட பெயர்களிலேயே கொஞ்சம் மரியாதையானது அதுதான்.

அந்த நாட்டுக்குத் தனியார் போனில் பேசக்கூடாது. கடிதம், குரல், பேப்பர், பார்சல் எல்லாம் நல அஞ்சல் மையம் வழியாகத்தான். எங்கள் ஊர்ப் பழைய சினிமாக் கொட்டகையை வெள்ளையடித்து மையமாக்கியிருந்தார்கள். டிக்கெட் கொடுத்த ஓட்டையில் பார்சல் வாங்கினார்கள். உள்ளே கண்ணாடிக் கூண்டு. வளர்மதி செவ்வாய்க்கிழமை தவறாமல் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு போய்க் கூண்டில் உட்கார்ந்து பேசுவாள். கண்ணு, சாமி, ராஜா என்று நாக்கில் தேன் தடவின மாதிரி பேசுவாள். அவன் பதில் ரெண்டு நாள் கழித்து வரும்.

நான் வெளியே பூவரச மரத்தடியில் பீடி குடித்துக்கொண்டிருப்பேன்.

"உள்ள வந்து ஒரு வார்த்த பேசுய்யா. நைனா எங்க, நைனா எங்கன்னு கேக்கறான்" என்பாள்.

"பீடி குடிக்கறேன்னு சொல்லு."

"மெஷினு இன்னா உன்ன கடிச்சிடுமா?"

"என் குரல புடிச்சி வெச்சினு நாளைக்கு அதால கைநாட்டு வெச்சிக்குவான். எனக்கு இன்னா தெரியும்?"

"ஆமா, கோட்டைய எழுதி வாங்கிக்கப் போறாங்க" என்று தலையிலடித்துக்கொண்டு உள்ளே போவாள்.

கடைசிவரை நான் அந்தக் கூண்டுக்குள் போகவில்லை. அவள் ஒருநாள் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது அப்படியே சுவரில் சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

சாவுச் சர்ட்டிபிகேட்டை மையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். லீவு கிடையாது, சேதி மட்டும் உரிய நேரத்தில் போய்ச் சேரும் என்றார்கள். பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் கொள்ளி வைத்தான். சாம்பலையும் எலும்பையும் சொம்பில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தில் தொங்கவிட்டேன். மகனிடமிருந்து ஒரு சொல் வரட்டும், தாய்க்கு அவன் தலைமுடி எடுக்கட்டும், பிறகு கரைக்கலாம் என்று நினைத்தேன்.

வாரங்கள் போயின. சொல் வரவில்லை. பக்கத்து வீட்டு மணவாளன் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவன். அவன் தினம் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துக் கேட்பான்.

"இன்னா மாமா, அத்தைய இன்னும் மரத்திலியே குந்த வெச்சிருக்கியே. மழ வந்தா நனையும் பாரு."

"உயிரோட இருக்கசொல்ல ஒருநாளு குடை புடிச்சியாடா நீ? போடா."

"அதில்ல மாமா. வூட்ல பொம்பளைங்க பயப்படுறாங்க. நீயே கூண்டுல போயி அவன்கிட்ட சொல்லிடேன். வாய இன்னாத்துக்கு வெச்சிருக்கற?"

அதுவும் சரிதான் என்று போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கூண்டில் உட்கார்ந்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. சொன்னேன்: "டேய் பன்னாட. உங்கம்மா செத்துட்டாடா. யாருனா சொன்னாங்களா இல்லியா? சாம்பல கட்டி வெச்சினு உக்காந்துகிறேன். முடிய எடுத்துட்டு ஒரு வார்த்த சொல்லு. எருமையாட்டம் சும்மா இருக்காத."

ரெண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அவன் குரல்தான். "நைனா, உங்க குரலக் கேட்டதுல ரொம்ப சந்தோஷம். உடம்பப் பாத்துக்குங்க. நான் நல்லா இருக்கேன்." அவ்வளவுதான். தாயைப் பற்றி ஒரு சொல் இல்லை.

என் மகன் பைத்தியமாகிவிட்டான் என்றுதான் நினைத்தேன். பவித்ராவிடம் போய்ச் சண்டை போட்டேன். அப்போதுதான் அவள், அம்மா வாரா வாரம் பேசுகிறாள் என்று அந்தச் சிரிப்போடு சொன்னது.

"நான் பேசினத போட்டுக் காட்டு" என்றேன்.

அவள் தயங்கினாள். பிறகு யாரும் இல்லையே என்று சுற்றிப் பார்த்துவிட்டுப் போட்டாள். என் குரல். இருமல்கூட என்னுடையதுதான். ஆனால் அது பேசியது வேறு: "கண்ணு லோகேஷு, நல்லா இருக்கியா சாமி? நானும் அம்மாவும் சௌக்கியம். உன்ன நெனச்சா எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு ராஜா."

 அறுபது வயதுக்கு மேல் என் வாயில் வேறொருவன் நாக்கை வைத்த மாதிரி இருந்தது.

"யாரு இது?"

"பக்குவம்னு ஒரு புரோகிராம் ஐயா. போற சேதி, வர்ற சேதி எல்லாம் அது வழியாத்தான். நீங்க சொல்ற விஷயத்த அவரோட மனஅளவுக்குத் தக்கன பக்குவப்படுத்தி அனுப்பும்."

"செத்துட்டான்றத பக்குவப்படுத்தினா சௌக்கியமா?"

"சாவுச் சேதியெல்லாம் அவங்க ஊருக்குத் திரும்பி வர்ற வரைக்கும் தள்ளிவைப்புல இருக்கும். அம்மா நிறைய பேசியிருக்காங்க இல்ல, அதனால பக்குவத்துக்கு அவங்க மாதிரி பேசறது ரொம்ப சுலபம். திடீர்னு நின்னா அவருக்குச் சந்தேகம் வந்துடும்."

"பொய்யில்லியாம்மா இது?"

அப்போதுதான் அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு அணைந்தது. "ஐயா, பக்குவம் வர்றதுக்கு முன்னாடி ஒரு பையனுக்கு அவங்கப்பா தூக்கு மாட்டிக்கிட்ட சேதிய நேராக் குடுத்துட்டாங்க. அப்ப அவன் தலையில பட்டை இருந்திச்சு. மேல பறந்துட்டிருந்தது அப்படியே அவங்க முகாம் மேலியே வந்து விழுந்துச்சு. சாப்பிட்டுட்டு இருந்த நேரம். எங்க அண்ணன் அந்தப் பந்தியிலதான் இருந்தான்."

 எழுந்து வந்துவிட்டேன். ஆனால் அவளுக்கு அண்ணன் போனதற்கு என் பெண்டாட்டி சாகாமல் இருக்க வேண்டுமா?

சரி, வாய்தானே வேலைக்காகவில்லை, பேப்பரில் போடலாம் என்று தினசரியில் வளர்மதியின் போட்டோவோடு கண்ணீர் அஞ்சலி கொடுத்தேன். அந்தப் பேப்பரிலேயே முறுக்கைச் சுற்றி, முகம் மேலே தெரிகிற மாதிரி வைத்துப் பார்சல் கட்டினேன். நாங்கள் எதையும் பேப்பரில்தானே சுற்றுவோம்.

பார்சல் ஓட்டையில் இருந்தவன் முறுக்கை எடுத்து வேறு கவரில் போட்டான். பேப்பரை மடித்து என்னிடமே நீட்டினான்.

"பேப்பர் வெயிட்டு பெருசு. பேப்பர் அங்கியே அச்சாவுது. உங்க ஊருப் பதிப்பு உங்க பையனுக்குத் தனியா வரும். பாக்கறீங்களா?"

காட்டினான். அதே தினசரி, அதே தேதி. எங்கள் ஏரி நிரம்பி வழிந்து கோடி போவதாகப் படம் போட்டிருந்தது. நாலு வருஷமாக அந்த ஏரியில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். வளர்மதி முகம் இருக்க வேண்டிய மூலையில் ஆடித் தள்ளுபடி விளம்பரம்.

மாதத்துக்கு ஒரு தடவை முகம் காட்டுவார்கள். குரல் இல்லை, வெறும் படம். திரையில் நாங்கள் ஆளைப் பார்க்கலாம், ஆள் எங்களைப் பார்க்க முடியாது. ஆள் உயிரோடு இருப்பதற்கு ஒரு நிசமான படமாவது வேண்டும் என்று பெற்றவர்கள் கோர்ட்டுக்குப் போய் வாங்கிய உரிமை அது. படத்தில் கை வைக்கக்கூடாது என்று தீர்ப்பு. காயம், கட்டு, கண்ணீர் இருந்தால் மட்டும் அன்றைக்குக் காட்டமாட்டார்கள்.

அந்த மாதம் நான்தான் போனேன். திரை விளங்கியது. முகாம் மைதானம். லோகேஷ் நின்றிருந்தான், அவனுக்குப் பின்னால் தங்கள் முறைக்காகப் பத்துப் பதினைந்து பையன்கள் சிரித்துத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். எல்லோருக்கும் கறுகறுவென்று கட்டைமுடி. என் மகனுக்கு மட்டும் மொட்டை. மீசையும் இல்லை. மழித்து ஒரு வாரம் இருக்கும்; தலை இன்னும் வெளுத்திருந்தது.

 தெரிந்துவிட்டது அவனுக்கு. எப்படியோ, யார் மூலமோ, சேதி போய்ச் சேர்ந்துவிட்டது.

"வெயில் அதிகமாம் ஐயா அங்க. வெயிலுக்கு அடிச்சிருப்பாரு" என்றாள் பவித்ரா.

"மீசையையும் வெயிலுக்காம்மா எடுத்தான்?" என்றேன். வளர்மதி போன பிறகு அன்றுதான் சிரித்தேன். அவளுக்குப் புரியவில்லை. யந்திரத்துக்கும் புரியவில்லை. படத்தை விட்டுவிட்டதே.

மறுநாள் காலையில் கரைக்கப் போவதாக முடிவு. மணவாளன் ஆட்டோ சொல்லிவிட்டான். சொம்பை மரத்திலிருந்து இறக்கி வாசலில் வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் வந்து நின்றான். பட்டாளத்து நிற்பு. கையில் துணிக்கடைப் பை.

என்னைப் பார்த்ததும் ஒரு எட்டு பின்னால் போனான். வேலியில் முதுகு இடித்தது.

"யாருப்பா?"

"நீங்க... லோகேஷோட நைனாவா?"

"ஆமா."

"உமாபதி அப்பா?"

"அந்தப் பேர்ல இந்தத் தெருவுல நான் ஒருத்தன்தான். இன்னா, பேயப் பாத்தாப்புல முழிக்கற?"

அவன் வாசலில் இருந்த சொம்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். உதடு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டுத்தான் பேசினான். பெயர் தணிகைவேல். லோகேஷின் முகாம்தான், பக்கத்துக் கட்டில். அங்கே இருக்க வேண்டிய தவணை முடிந்து கொஞ்சநாள் லீவில் வந்திருந்தான். மறுபடி போக வேண்டும்.

"அம்மா எங்கப்பா?" என்று கேட்டான். "அம்மாகிட்டதான் குடுக்கச் சொன்னான்."

பையைப் பிரித்தான். சிவப்புச் சேலை. அகலமான ஜரிகை. கூடவே ஒரு குங்குமச் சிமிழ்.

"நைனா போயிட்டாருன்னு அம்மாவ யாரும் வெள்ள கட்ட வுடக்கூடாது, பூவையும் பொட்டையும் எடுக்கவுடக்கூடாதுன்னு சொல்லச் சொன்னான். இந்தச் சேலைய கட்டிக்கினு செவ்வாக்கெழம கூண்டுக்கு வரணும்னு சொல்லச் சொன்னான்."

எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

"அப்ப அவன் மொட்ட அடிச்சது..."

"உங்களுக்குத்தாம்ப்பா" என்றான்.

மணவாளன் ஆட்டோவோடு வந்து நின்றுகொண்டிருந்தான்.  ஆட்டோக்காரன் என்ஜினை அணைத்தான்.

தணிகைவேல் சொன்னதை அப்படியே சொல்கிறேன். சாவுச் சேதியை மறைக்கிறார்கள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியுமாம். செத்தவர்களை யந்திரம் பேச வைக்கிறது என்றும் தெரியுமாம். அதைக் கண்டுபிடிக்கப் பையன்கள் தங்களுக்குள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எவர் குரல் திடீரென்று இனிக்கிறதோ, அவர் போய்விட்டார் என்று அர்த்தம்.

"என் அத்த குரலு அப்டித்தான் இனிச்சிச்சி. எப்பவும் கரிச்சிக் கொட்டுற அத்த. அங்கியே நான் தலைக்குத் தண்ணி ஊத்திக்கினேன். இப்ப வந்து பாத்தா நெசமாவே போயிட்டாங்க. லோகேஷுக்கு உங்க குரலு வந்துச்சி பாருங்க, கண்ணு சாமி ராஜான்னு. அதக் கேட்டுட்டு அவன் அப்டியே உக்காந்துட்டான். 'எங்க நைனா செத்துட்டாருடா. அவுரு இருந்தா அந்தக் கூண்டுக்கே வரமாட்டாரு, வந்தா என்னை இப்டி கூப்பிடமாட்டாரு'ன்னான். ராத்திரியெல்லாம் நீங்க திட்டின திட்டையெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதான்ப்பா."

வளர்மதி எப்போதும் இனிப்பாகத்தான் பேசுவாள். யந்திரம் அவள் மாதிரிப் பேசினபோது ஒரு தையல்கூடத் தெரியவில்லை. என் கசப்புக்கு வெல்லம் பூசினபோதுதான் பல்லிளித்துவிட்டது. உயிரோடிருக்கிற எனக்கு எள்ளும் தண்ணியும் விட்டுவிட்டுச் செத்தவளுக்குச் சிவப்புச் சேலை அனுப்பியிருக்கிறான் என் மகன்.

சொம்பை மறுபடி மரத்தில் கட்டிவிட்டு நேராக மையத்துக்குப் போனேன். தணிகையும் கூட வந்தான், வாசலோடு நின்றுகொண்டான்.

"போன வாரம் எம்பொண்டாட்டி இன்னா பேசினா? அதப் போடு" என்றேன் பவித்ராவிடம்.

"ஐயா, அது..."

"போடும்மா. அவளுக்குத் தாலி கட்டினவன் நான். எனக்குக் கேக்க உரிமையில்லியா?"

போட்டாள். வளர்மதியின் குரல் அந்த அறையில் வந்தது. மூச்சு வாங்குகிறது, நடுவில் 'இந்தா' என்கிறது, எல்லாம் அவள்தான். "அழாத கண்ணு. எத்தினி நாளுக்கு உங்கிட்ட மறைக்கறது? உங்க நைனா நோவு நொடி இல்லாம போனாரு சாமி. கடைசி வார்த்த உம்பேருதான் சொன்னாரு. எனக்கு நீ கீற, உனக்கு நான் கீறேன். நீ தைரியமா இருந்தாத்தான் நானும் இருப்பேன் ராஜா."



பவித்ரா திரையைப் பார்த்தபடியே பேசினாள். "உங்க பையன் அவரா நம்பிட்டாரு ஐயா. இல்லன்னு சொன்னா இன்னும் குழம்புவாரு. ஒத்துக்கிட்டா அழுது தீர்த்துடுவாரு. அப்படின்னு பக்குவம் முடிவு பண்ணியிருக்கு. அவரோட அளவும் ஏறியிருக்கு. வீட்டுல ஒருத்தர் இல்ல, ஒருத்தர் இருக்காங்க. அந்தக் கணக்கும் சரியாத்தான் இருக்குன்னு..."

"ஆளு மட்டும் மாறிப்போச்சி."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "உங்க பேர்ல இனிமே எந்தச் சேதியும் போகாது ஐயா. கூண்டுல உங்களுக்கு நேரம் ஒதுக்கறதையும் எடுத்துடுச்சு. முகம் பாக்க மட்டும் வரலாம்."

வெளியே வந்து பூவரசடியில் உட்கார்ந்தேன். பீடி பற்றவில்லை. தணிகைவேல் வாங்கிப் பற்றவைத்துக் கொடுத்தான்.

"நீ என்னிக்கிடா திரும்பிப் போற?"

"அடுத்த வாரம். ஆனா சேதி எதுவும் எடுத்துனு போவமுடியாதுப்பா. பிளேன் ஏர்றதுக்கு முன்ன பட்டைய மாட்டிக் கேப்பாங்க, வூட்டுக்காரங்க யாருக்குனா சேதி எடுத்துனு போறியான்னு. பொய் சொன்னா காட்டிக் குடுத்துடும். அப்புறம் எனக்கு ஜெயிலு."

"சேதி வேணாம். திட்டு எடுத்துனு போவியா?"

"இன்னாது?"

"நான் அவன திட்டறேன். நீ போயி அதே மாதிரி திட்டு. திட்டு சேதியாடா?"

 "இல்லதான்" என்றான். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. அந்தச் சிரிப்பு சீக்கிரமே நின்றும் போனது.

"அப்பா, ஒண்ணு சொல்றேன் கோவப்படாதீங்க. அந்தம்மா குரலுதான் அவன நிறுத்தி வெச்சிருக்கு. நீங்க உயிரோட கீறீங்கன்னு தெரிஞ்சா, அடுத்த நிமிசம் அவன் அம்மாவ நெனைப்பான். அத உருவிட்டா வுழுந்துடுவான். அவன் தலையில பட்டை இருக்குது. கீழ நாங்க இருக்கோம்."

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பவித்ரா அண்ணன் பந்தியில் உட்கார்ந்தது என் கண்ணுக்குத் தெரிந்தது. நான் பேசாமல் செத்துப்போய்விட்டால் எல்லோருக்கும் நல்லது. அந்த எண்ணமும் வந்தது, மறைக்கமாட்டேன். எனக்கு ஏற்கெனவே காரியமெல்லாம் முறையாக ஆகிவிட்டதே.

ஆனால் அவள் மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறாள். பெற்றவளை நினைத்து ஒரு சொட்டுக் கண்ணீர் விட அவள் பிள்ளைக்கு வழியில்லை. அவள் குரலை வைத்தே அந்தக் கண்ணீரை என் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். என்னைக் கொன்றதைப் பொறுத்துக்கொள்வேன். அவளைச் சாகவிடமாட்டேன் என்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"பட்டைய கழட்டி வெச்சிட்டு, சோறெல்லாம் துன்னு முடிச்சப்புறம் திட்டு" என்றேன்.

"அம்மா எப்டி கீறாங்கன்னு கேட்டா?"

"வாய தொறக்காத. மூஞ்ச திருப்பிக்க."

"கேக்கலன்னா?"

 திட்டைத்தான் சொல்லிக்கொடுத்தேன். பன்னாடையில் ஆரம்பித்து எருமை, தறுதலை வழியாகத் தண்டச்சோறு வரைக்கும். 'உசுரோட கீறவனுக்கு முடி எடுத்த மடையன் உலகத்துலியே நீ ஒருத்தன்தாண்டா' என்று முடித்தேன். தணிகை அதை ரெண்டு தடவை சொல்லிக் காட்டினான். ரெண்டாம் தடவை குரலைக்கூட என் மாதிரியே உடைத்தான்.

"நல்லா இருக்குதுப்பா. காது குளுந்துடும் அவனுக்கு" என்றான்.

அவன் போனான். மணவாளன் வேலிக்கு மேல் எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டான். சேலையைச் சொம்பின் மேல் சுற்றி வைத்தேன். யந்திரம் ஏதாவது விழுந்தது, தீப்பிடித்தது என்று பேப்பரில் வருகிறதா என்று தினமும் டீக்கடையில் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டேன். வரவில்லை. வந்தாலும் அதை நம்பியிருக்கமாட்டேன்; வராததையும் நம்பவில்லை. 

அடுத்த மாதம் முகம் காட்டுகிற நாள். பவித்ரா என்னை உட்கார வைத்துவிட்டுத் தானும் நின்று பார்த்தாள். நான் தலையைத்தான் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு போயிருந்தேன். முடி வளர்ந்திருந்தால் அவன் தாயைப் பற்றிக் கேட்கவில்லை. வளராமல் இருந்தால் கேட்டுவிட்டான்.

திரை விளங்கியது. லோகேஷ் நின்றான். மொட்டை. புதிதாக மழித்தது, காதோரம் கத்தி பட்ட கோடு. மீசை வந்த இடமும் பச்சையாக இருந்தது. என்னைப் பார்ப்பதுபோல் நேராகப் பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். அழவில்லை. அழுதால் படத்தை நிறுத்திவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

சரி, தாய்க்குச் செய்துவிட்டான் என்று மூச்சு விட்டேன். அப்புறம்தான் அவனுக்குப் பின்னால் பார்த்தேன்.

முறைக்கு நின்ற பையன்கள் யாரும் தள்ளிக்கொள்ளவில்லை, சிரிக்கவில்லை. வரிசையாக நின்றார்கள். எல்லோருக்கும் மொட்டை. ஒருவனுக்கும் மீசை இல்லை. கடைசியில் தணிகைவேல் நின்றான். அவன் ஒருவன் தலையில்தான் முடி இருந்தது. அவன் ஒருவன்தான் வீட்டுக்கு வந்து பெற்றவர்களைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனவன்.

எனக்குப் புரிந்தது. இனித்த குரல் உயிரோடிருக்கலாம், மாறாத குரல் செத்திருக்கலாம் என்று என் மகன் விஷயத்தில் தெரிந்துபோயிற்று. அதன் பிறகு எந்தக் குரலை நம்புவது? யார் வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று அவனவன் வீட்டில் எல்லோருக்கும் காரியத்தை முடித்துவிட்டார்கள். நான் அனுப்பின திட்டு அத்தனை பேர் வீட்டிலும் சாவு விழ வைத்துவிட்டது.

படம் அணைந்தது.

"ஐயா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள் பவித்ரா. குரலைத் தாழ்த்தினாள். "இந்த முகாம்ல எல்லாருக்கும் மனஅளவு திடீர்னு ஏறியிருக்கு. ஏற்ற இறக்கமே இல்ல, கோடு போட்ட மாதிரி நிக்குது. இவ்ளோ நல்லா எந்த முகாம்லயும் இருந்ததே இல்லையாம். மேலிடத்துல காரணம் கேக்கறாங்க. கண்டுபிடிச்சா மத்த முகாம்லயும் செய்யலாம்னு. மொட்டை அடிச்சதுதான் வித்தியாசமாத் தெரியுது. ஏன் அடிச்சிருக்காங்க? உங்களுக்கு எதாவது தெரியுமா?"

இழக்க ஆள் இல்லாதவனுக்கு மனசு ஏன் ஆடப்போகிறது? இது அவர்களுக்குத் தெரிந்தால் மற்ற முகாம்களிலும் உயிரோடிருக்கிற பெற்றவர்களை அதே குரலால் சாகடித்துவிடுவார்கள்.

"வெயிலும்மா" என்றேன். "அங்க வெயிலு அதிகமாம்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, அதையே தட்டிப் போட்டாள்.